விராலுக்குக் கம்பி கட்ட வேண்டுமா? டெல்டாவில் பல்லுள்ள மீனுக்கு லீடர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டி வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து ஊர் வாய்க்காலுக்கு வந்துசேரும். கூடவே தூண்டில்காரர்களின் கேள்விகளும் வரும். அதில் பாதி லீடரைப் பற்றித்தான். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதினைந்து வருடமாக இந்த ஆறுகளில் நூலை அறுத்துக்கொண்டவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

லீடர் என்றால் எது?

ரீலில் சுற்றியிருக்கும் நூலுக்கும் தூண்டில் முள்ளுக்கும் நடுவில் கட்டும் தனித்துண்டு. பல்லும் கல்லும் உரசுகிற இடம் அதுதான், அதனால் அங்கே மட்டும் தடிமனாகவோ கம்பியாகவோ போடுகிறோம். மூங்கில் கழியில் மெல்லிய நைலான் நரம்பு கட்டி, முள்ளுக்கு மேலே ஒரு முழத்துக்குத் தடித்த நரம்பைச் சேர்த்த தாத்தாக்களும் லீடர்தான் போட்டார்கள். பேர்தான் தெரியாது.

நம் ஆறு குளங்களில் பல்லுள்ள மீன் எவை?

விரால், அதன் பெரிய உறவான பூவிரால், சின்ன உறவான குறவை. அப்புறம் வாளை. வாய் ஊசி மாதிரி நீண்ட கொக்கு மீனுக்கும் பல் உண்டு, ஆனால் அது நூலை அறுக்கிற அளவு மீன் இல்லை. விலாங்குக்குப் பல் பொடிசு. அது கடிப்பதைவிட நூலைத் திருகிக் கெடுப்பதுதான் அதிகம். கெளுத்திக்குப் பல்லைவிடத் துடுப்பில் இருக்கும் முள்தான் ஆபத்து, அதுவும் நம் கைக்கு. கெண்டை வகைகளுக்குத் தாடையில் பல்லே இல்லை, தொண்டைக்குள்தான் இருக்கிறது. அதனால் கெண்டைக்கு இந்தப் பக்கத்தையே படிக்க வேண்டாம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நாகப்பட்டினம் பக்கம் வாளை என்றால் பட்டை வெள்ளி நாடா மாதிரி இருக்கும் கடல் மீன். அதற்கு நிஜமாகவே கத்திப் பல். தஞ்சாவூர், மன்னார்குடிப் பக்கம் வாளை என்றால் செதிலில்லாத, மீசை வைத்த, அகல வாய்க்கார ஆற்று மீன். கடற்கரை நண்பர் "வாளைக்குக் கம்பி இல்லாமல் போகாதே" என்று சொன்னால் அவர் சொல்லும் வாளை வேறு. இதைக் கேட்டுவிட்டு ஆற்று வாளைக்குக் கம்பி வாங்கியவர்கள் எத்தனையோ பேர். நானும் ஒருவன்.

சரி, விராலுக்குக் கம்பி வேண்டுமா, வேண்டாமா?

வேண்டாம்.

காரணத்தை நானே ஒருமுறை வீட்டில் சோதித்துப் பார்த்தேன். கடையில் தொட்டித் தண்ணீரில் உயிரோடு கிடந்த விராலில் ஒன்றை எடுத்து, சாம்பல் தொட்டு வழுக்காமல் பிடித்து நறுக்கிக் கொடுத்தார் அந்த அக்கா. "தலையையும் தனியா குடுங்கக்கா" என்றேன். "தலையை வச்சு என்ன பண்ணப் போற தம்பி?" என்றார். குழம்புக்கு என்று சொல்லித் தப்பித்தேன்.

வீட்டில் அந்த வாயைத் திறந்து விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். தாடை ஓரமாகச் சொரசொரவென்று பொடிப்பல் வரிசை, உப்புத்தாளைத் தடவுவது போல. கீழ்த்தாடையில் பக்கத்துக்குச் சில பெரிய கூர்ப்பற்கள். அவை கூம்பு வடிவம், குத்தும். கத்தி மாதிரி விளிம்பு கிடையாது. 40 பவுண்டு எடை தாங்கும் நைலான் துண்டை அதன்மேல் போட்டு, இரண்டு பக்கமும் இழுத்து இழுத்துப் பத்துமுறை உரசினேன். நரம்பு சுண்ணாம்பு தடவியது போல வெளுத்தது, நகத்தில் சொரசொரப்புத் தட்டியது, ஆனால் கையால் இழுத்து அறுக்க முடியவில்லை. அதே இடத்தில் 30 பவுண்டு பிரெய்டை, அதாவது பின்னல் நூலைப் போட்டால் ஆறேழு உரசலிலேயே பஞ்சு பஞ்சாகப் பிசிறிவிட்டது. ஒரு வெட்டு இழுப்பில் போய்விட்டது.

அதனால் விராலுக்கு 30 முதல் 40 பவுண்டு நைலான், ஒரு முழம் போதும். ஆகாயத்தாமரை மேல் தவளை லூர் (தவளை மாதிரிச் செய்த பொய் இரை) இழுப்பவர் கம்பி போட்டால் இன்னொரு நஷ்டமும் உண்டு. தவளையின் மூக்கு அமுங்கிவிடும், இடமும் வலமுமாக ஆடுகிற ஆட்டம் போய்விடும். அந்த ஆட்டத்துக்குத்தான் விரால் அடிக்கிறது.

2 கிலோ மீனுக்கு 40 பவுண்டு எதற்கு? 18 கிலோ தாங்குமே!

எடைக்காக இல்லை, தடிமனுக்காக. 40 பவுண்டு நைலான் சுமாராக 0.6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். பத்து உரசலில் மேல்தோல் போனாலும் உள்ளே சதை மிச்சம் இருக்கும். 15 பவுண்டு நரம்பும் 2 கிலோ விராலைத் தூக்கும், ஆனால் முதல் உரசலிலேயே பாதிப் பலம் போய்விடும். லீடர் பாக்கெட்டில் பவுண்டைப் பார்ப்பதைவிட மில்லிமீட்டரைப் பாருங்கள். ஒரே பவுண்டு போட்ட இரண்டு பாக்கெட்டில் தடிமன் வேறு வேறாக இருக்கும்.

அப்படியானால் பிரெய்டை நேராக முள்ளில் கட்டுவதே தப்பா?

அடர்ந்த பாசியில், தாமரைக் குளத்தில் நிறையப் பேர் அப்படித்தான் கட்டுகிறார்கள், மீனும் எடுக்கிறார்கள். 50 பவுண்டு பிரெய்டு என்றால் செடித்தண்டையே அறுத்துக்கொண்டு வரும். விரால் பெரும்பாலும் வாய் ஓரத்தில் மாட்டுவதால் பல் அதிகம் படாது. ஆனால் மதகுக்குக் கீழே, கருங்கல் சரிவில், சிமெண்டுப் படிக்கட்டில் போடுகிறவர் பிரெய்டை நேராகக் கட்டக்கூடாது. பிரெய்டு மெல்லிய பாலிஎத்திலீன் இழைகளின் பின்னல். நேராக இழுத்தால் யானை பலம், ஒரு கூரான விளிம்பில் இறுக்கமாகச் சாய்ந்தால் நொடியில் போய்விடும். மட்டிச் சிப்பி ஒன்று போதும்.

வாளைக்கு?

இதற்குத்தான் நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன்.

வாளையின் வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். உள்ளே மேலும் கீழும் அகலப் பட்டையாக, உள்பக்கம் சாய்ந்த பொடிப்பற்கள். கவ்வியதை வெளியே விடாமல் இருப்பதற்கான பல் அது, வெட்டுவதற்கானது இல்லை. ஆனால் இரையை ஆழமாக விழுங்குகிற மீன் என்பதால் லீடர் முழுசாக அந்தப் பட்டைமேல் கிடக்கும். மீன் தலையை உதறும் ஒவ்வொரு உதறலும் ஒரு அரம் போடுகிற வேலை.

தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரிகிறது. அதற்கு நாலைந்து கிலோமீட்டர் கீழே ஒரு மார்கழி சாயங்காலம், வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிய ஆரம்பித்த நேரம், கெண்டைக்குஞ்சு கோத்துப் போட்டிருந்தேன். லீடர் 30 பவுண்டு நைலான். இழுத்தது வாளை என்று முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிட்டது. விரால் திடீரென்று குதித்து வெட்டும். வாளை கனமாக, நிறுத்த முடியாத மாதிரி ஆழத்தில் போகும். பத்து நிமிடம் இருக்கும். ஒருமுறை பக்கவாட்டில் புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டியது, பக்கத்தில் நின்ற பெரியவர் "விட்டுக் குடு தம்பி, விட்டுக் குடு" என்றார். நான் விட்டுக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். கரைக்கு இரண்டு பாகம் (கைவிரித்த அளவு) இருக்கும்போது நூல் லேசானது.

சுற்றி எடுத்துப் பார்த்தால் லீடரின் கடைசி ஒரு ஜாண் முழுக்க வெளுத்து, தேங்காய் நார் மாதிரிச் சிலிர்த்து நின்றது. வெட்டு இல்லை, தேய்ந்து போனது. அன்றைக்கு 70 பவுண்டு போட்டிருந்தால் அந்த மீன் கரைக்கு வந்திருக்கும்.

இப்போது நான் வாளைக்குப் போடுவது 60 முதல் 80 பவுண்டு நைலான், இரண்டு முழத்துக்குக் குறையாமல். உயிர் இரை கோத்து இரவில் காத்திருக்கிறவர், மீன் ஆழ விழுங்கிவிடும் என்று பயந்தால், முள்ளுக்கு மேலே ஒரு ஜாண் மட்டும் பல இழை முறுக்கிய மெல்லிய கம்பி வைத்து அதற்கு மேலே நைலான் கட்டலாம். அது நியாயமான பயம்தான்.

யூடியூப்பில் வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் ஸ்டீல் லீடர்தானே போடுகிறார்கள்?

அவர்கள் பிடிக்கிற மீனைப் பாருங்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நல்ல தண்ணீரில் வாழும் பைக் என்ற மீன், அதைவிடப் பெரிய மஸ்கி. பைக்கின் கீழ்த்தாடைப் பற்கள் நீளமானவை, விளிம்பு கத்தி மாதிரி. நைலானை ஒரே கடியில் துண்டாக்கும். ஆப்பிரிக்க ஆறுகளின் புலிமீனுக்குப் பல் வாய்க்கு வெளியே தெரியும், ரம்பம் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும். அங்கே கம்பி இல்லாமல் போடுவது மீனுக்குச் செய்கிற கொடுமை, அதனால் அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. பைக் காவிரியில் இல்லை.

நம் குளத்தில் பிரானா வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே?

பெரும்பாலும் பண்ணையிலிருந்து தப்பிய பாக்கு மீன்தான். சந்தையில் ரூப்சந்த் என்று விற்கிறார்களே, அது. பிரானாவின் உறவு, வயிறு சிவப்பு. வாயைத் திறந்து பாருங்கள், மனிதப் பல் மாதிரி தட்டையாக இருக்கும். கொட்டை உடைக்கிற பல். மெல்லிய முள்ளை வளைத்துவிடும். தடித்த முள்ளும் 40 பவுண்டு நைலானும் போதும்.

ஃபுளோரோகார்பனா, நைலானா?

ஃபுளோரோகார்பன் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது என்பது விற்பனைப் பேச்சு. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.5க்கு மேல். ஆக நைலானைவிடக் கொஞ்சம் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். புதுத்தண்ணீர் வரும் ஆடியில் ஆறு டீ நிறத்தில் ஓடும்போது இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? தை, மாசியில் குளத்துத் தண்ணீர் கண்ணாடியாகும்போது கொஞ்சம் பயன் இருக்கலாம்.

அதன் உண்மையான பலம் வேறு. மேல்பரப்பு கெட்டி, தண்ணீர் உறிஞ்சாது. நைலான் ஊறினால் பலம் சற்றுக் குறையும், இழுவை கூடும். ஆனால் ஃபுளோரோகார்பன் கனம், தண்ணீரில் மூழ்கும். அதனால் ஆழத்தில் போடும் இரைக்கும் மூழ்கும் லூருக்கும் அது நல்லது, மேலே மிதக்கும் தவளைக்கு நைலான் நல்லது. தடித்த ஃபுளோரோகார்பன் விறைப்பாக இருப்பதால் முடிச்சு சரியாக இறுகாது, புதிதாகக் கட்டுபவர்கள் இதில்தான் மீனை விடுகிறார்கள். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நைலான் வாங்குங்கள்.

நூல் அறுந்துவிட்டது. மீன் கடித்ததா, வேறு எதாவதா என்று எப்படித் தெரியும்?

அறுந்த நுனியைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதுதான் சாட்சி.

நுனி பிளேடால் நறுக்கியது போல இருந்து, அதற்கு மேலே நரம்பு பளபளவென்று புதுசாக இருந்தால், ஏதோ கூரான விளிம்பு. நம் ஆற்றில் அது பல்லாக இருப்பதைவிடச் சிப்பியாகவோ உடைந்த கண்ணாடியாகவோ மதகுத் தகரமாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நுனிக்கு மேலே விரல்நீளம், ஜாண்நீளம் வெளுத்துச் சொரசொரத்திருந்தால் பல் தேய்த்தது. ஒரே பக்கம் மட்டும் சீவியது போல இருந்தால் சிமெண்டு அல்லது கருங்கல். நுனி பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தால் யார்மீதும் பழி போடாதீர்கள், உங்கள் முடிச்சு வழுக்கியிருக்கிறது.

இதைப் பார்க்காமல் "பெரிய மீன் கடிச்சிட்டுப் போயிருச்சு" என்று சொல்லிக் கம்பி வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் அதிகம். கம்பி வாங்கினாலும் முடிச்சு அதே முடிச்சுதான்.

கம்பி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் எது வாங்கலாம்?

ஒற்றைக் கம்பி மெல்லியது, மலிவு, ஆனால் ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்பிலேயே ஒடியும். 7 இழை முறுக்கியது கொஞ்சம் மேல். 49 இழை மென்மையாக, கிட்டத்தட்ட நூல் மாதிரியே வளையும், விலை கூட. டைட்டானியம் மடிப்பே விழாமல் நிமிர்ந்துகொள்ளும், ஆனால் அந்த விலைக்கு நான் வேறு பத்துச் சாமான் வாங்குவேன். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியில் ஒரு சங்கடம்: உறை கிழிந்த இடத்தில் தண்ணீர் புகுந்து உள்ளே துருப்பிடிக்கும், வெளியே தெரியாது.

கடையில் தொங்கும் ரெடிமேட் பாக்கெட்டில் கம்பி தாங்கும், கூட வரும் ஸ்னாப்தான் (முள்ளையோ லூரையோ மாட்டும் சின்னக் கொக்கி) தாங்காது. நான் வாங்கியதில் ஒன்று முதல் மீனிலேயே கொக்கியாக விரிந்துவிட்டது. வாங்கியதும் ஸ்னாப்பைக் கழற்றிவிட்டு நல்லதாக ஒன்று மாட்டுங்கள்.

பழைய மோட்டார் பைக் கிளட்ச் கேபிளைப் பிரித்துப் போடலாமா?

போட்டிருக்கிறேன். மீன் வந்திருக்கிறது. ஆனால் கிரீஸ் வாசம் போகாது, இழை கையைக் கிழிக்கும், ஒரு வாரத்தில் துரு. வேண்டாம்.

எவ்வளவு நீளம்? எந்த முடிச்சு?

தவளை லூருக்கு ஒரு முழம். முடிச்சு ராடின் நுனி வளையத்துக்கு வெளியே நிற்கட்டும், வீசும்போது வளையத்தில் தட்டாது. கரையில் ஈயம் போட்டுக் காத்திருப்பவர் இரண்டு முழம் வைக்கலாம்.

பிரெய்டும் நைலானும் சேரும் இடத்தில் இரட்டை யூனி முடிச்சு எல்லோரும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். பிரெய்டு பக்கம் எட்டுச் சுற்று, நைலான் பக்கம் நாலு. எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இறுக்குங்கள். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் சூட்டில் அதன் பலம் அங்கேயே போய்விடும். எஃப்ஜி முடிச்சு இன்னும் மெலிசு, வளையத்தில் தடங்கலில்லாமல் ஓடும், ஆனால் கொசு கடிக்கிற ஆற்றங்கரையில் டார்ச் வெளிச்சத்தில் அதைக் கட்ட எனக்குப் பொறுமை இல்லை. வீட்டிலேயே நாலைந்து கட்டி வைத்துக்கொள்கிறேன். 80 பவுண்டு நைலானில் சாதாரண முடிச்சு உட்காராது. முடிச்சுக்குப் பதில் குழாய்க் கிரிம்ப் (நூலை இறுக்கிப் பிடிக்கும் சின்ன உலோகக் குழாய்) போட்டு அதற்கான குறடால் அமுக்குங்கள். கம்பிக்கும் அப்படியே.

எப்போது மாற்ற வேண்டும்?

ஒவ்வொரு மீனுக்கும் பிறகு கடைசி ஒரு ஜாணை நகத்துக்கும் விரலுக்கும் நடுவில் ஓட்டுங்கள். தட்டினால் நறுக்கிவிட்டு மறுபடி கட்டுங்கள். கம்பியில் மடிப்பு விழுந்தால் நிமிர்த்த வேண்டாம், தூக்கிப் போடுங்கள். ஆற்றில் இல்லை, பையில்.

முகத்துவாரத்தில் போடுகிறேன். அதே லீடர் போதுமா?

கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு பக்கம், முத்துப்பேட்டை அலையாத்திப் பக்கம் கதை வேறு. கொடுவாய்க்குப் பல் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் செவுள் மூடியின் விளிம்பு பிளேடு. அதற்கு 40 முதல் 60 பவுண்டு நைலானோ ஃபுளோரோகார்பனோ போடுங்கள், கம்பி வேண்டாம். சீலா கடிக்கிற இடம் என்று தெரிந்தால் மட்டும் கம்பி. சீலாவின் பல் வெட்டும் பல், அதனிடம் வாதம் செய்ய முடியாது.

கீழ்க் கொள்ளிடத்தில், அணைக்கரையிலிருந்து கிழக்கே, பல்லுள்ள இன்னொருவரும் இருக்கிறார். முதலை. அதற்கு லீடர் கிடையாது. சாயங்காலம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று வீசாதீர்கள்.

எந்தக் குளத்திலும் போடலாமா?

கூடாது. ஊர்க் குளங்கள் பெரும்பாலும் மீன்பாசி ஏலம் போனவை. எடுத்தவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், பலர் விராலுக்கு மறுக்கமாட்டார்கள், அது அவர்கள் விட்ட கெண்டைக்குஞ்சைத் தின்கிற மீன். மதகை ஒட்டி நிற்காதீர்கள். ஷட்டர் தூக்கினால் நிமிடத்தில் தண்ணீர் ஏறும்.

லீடர் அறுந்து மீன் முள்ளோடு போய்விட்டால் என்ன ஆகும்?

வாய் ஓரத்தில் ஒற்றை முள் என்றால் பல மீன்கள் பிழைத்துக்கொள்ளும். தொண்டையில் மூன்று முள் கொக்கி என்றால் இரை எடுக்க முடியாமல் சாகலாம். மெல்லிய லீடர் போட்டு "விளையாட்டு" காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான். ஆற்று வாளை உலக அளவில் அழியும் அபாயமுள்ள இனமாகப் பட்டியலில் இருக்கிறது. பெரிய வாளையை அறுத்துவிடுவதைவிட, தடித்த லீடரில் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்து, நீள மூக்குக் குறடால் முள்ளைக் கழற்றி விடுவது மேல். முள் நுனியில் திரும்பி நிற்கும் சின்னக் கூரைக் குறடால் அமுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம். கையை மட்டும் வாய்க்குள் விடாதீர்கள். செம்மஞ்சளாகக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர்மேல் கொதிக்கிற இடத்தில் விராலுக்குத் தவளை போடாதீர்கள். காவலுக்கு நிற்கும் தாயும் தகப்பனும் பசியில் அடிப்பதில்லை.

போன மாதம் பாமணியாற்றில் பிடித்த ஒரு விராலின் தொண்டையில் யாருடையதோ பழைய முள் ஒன்று இருந்தது, கூடவே ஒரு ஜாண் தடித்த நரம்பு. பளபளப்பு குறையாமல் இருந்தது. நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தது.